பழைய விலாசம்



சென்ற இதழில் சொன்னபடி இம்மாதம் என் ஊர்ப் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். பத்தே நாள் பயணம். ஐம்பத்தொரு வருடம் கழித்துப் போன பயணம். 2025 மார்ச் மாதம் நான் புறப்பட்டபோது பெட்டியில் இருந்தவை இவை: அக்காவுக்கு மூன்று சேலை, ஊட்டி வர்க்கி இரண்டு கிலோ, எங்கள் தோட்டத்துத் தேயிலைத்தூள் ஐந்து பொட்டலம். அவற்றோடு மனதில் ஒரு முடிவும் இருந்தது. அக்காவை எப்படியாவது என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்ற முடிவு.

சேலையையும் வர்க்கியையும் அக்கா வாங்கிக்கொண்டார். தேயிலையைப் பார்த்து, "தேயிலை நாட்டுக்கே தேயிலை கொண்டாந்தியாடி" என்று சிரித்தார். முடிவை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அது ஏன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் பிறந்தது நாவுலயில். மாத்தளை மாவட்டத்தில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே ஏ-9 வீதியில் இருக்கிற சிறிய ஊர். வடக்கில் வாழும் வாசகிகளுக்கு ஏ-9 என்றதும் ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். அதே வீதிதான் வவுனியாவையும் தம்புள்ளையையும் தாண்டி, எங்கள் நாவுலயையும் மாத்தளையையும் கடந்து கண்டிக்குப் போகிறது. எங்கள் தோட்டம் வீதியிலிருந்து உள்ளே இருந்தது. தேயிலைத் தோட்டம் அல்ல. கொக்கோவும் றப்பரும் மிளகும்.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டியை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சம் பேரையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கைப் படிக்கும்போது அது வெறும் இலக்கம். எங்கள் வீட்டில் அது எப்படி வந்தது தெரியுமா? அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். 1973இல் அக்காவைக் கட்டிய அத்தானின் குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தது. ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. ஆனால் வேறு வேறு நாடு.

அப்போது தோட்டங்களில் பஞ்சம். 1973, 1974இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் எத்தனையோ பேர் செத்தார்கள். எங்கள் அம்மாவும் அந்தப் பஞ்சத்தில்தான் போனார். மரவள்ளியையும் கீரையையும் எங்களுக்குப் போட்டுவிட்டு, வெறுந் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனவர். தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தோம். நாலு மாதத்தில் அப்பாவுக்குப் பயணச் சீட்டு வந்தது.

மாத்தளை ஸ்டேஷனில் ஏறினோம். தலைமன்னாருக்குப் போகும் அந்த இரயிலை எங்கள் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்பார்கள். ஏறுகிறவரும் அழுவார், ஏற்றிவிட வந்தவரும் அழுவார். எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. கோச்சி நகர்ந்தபோது அக்கா பிளாட்போம் முடிகிற வரைக்கும் ஓடி வந்தார். பிறகு இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம். எங்களைப்போல் வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. 'தாயகம் திரும்பியோர்' என்று எங்களுக்குப் பெயர். நான் அதற்கு முன் அந்தத் தாயகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

மூன்று வருடம் அக்காவின் கடிதம் வந்தது. 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு நின்றுபோனது. செத்துவிட்டார்கள் என்று அப்பா நினைத்தார். நினைத்துக்கொண்டே செத்தும் போனார். எனக்குக் கல்யாணமாகி, அதே லயத்தில் அதே காம்பராவில் குடித்தனம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, அங்கன்வாடியில் வேலை பார்த்தேன். 2010இல் ஒரு நாள் தபால்காரர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். மேலே அப்பாவின் பெயர். எழுதியவர் அக்கா. முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு!

அந்தக் கடிதத்தை இனி வரப்போகும் இடத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பலில்தான் போனேன். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் கப்பலில் போன நான் கப்பலிலேயே திரும்ப வேண்டும் என்று ஓர் ஆசை. துறைமுகத்து வாசலில் ஒரு வயதான அம்மா நின்றார். எங்கள் அம்மாவே நிற்கிறார் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். அது அக்கா. எழுபது வயது. அம்மாவுக்கு அந்த வயது வாய்க்கவேயில்லை.

கிளிநொச்சியில் அக்காவின் வீட்டில் மூன்று நாள் இருந்தேன். 1977இல் தோட்டத்து லயங்களைக் கொளுத்தியபோது கொக்கோ மரங்களுக்குள் ஒளிந்ததையும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் தன் வீட்டில் ஓர் இரவு வைத்திருந்து லொறி ஏற்றிவிட்டதையும் அக்கா சொன்னார். வவுனியாவில் காடு வெட்டினார்கள். பிறகு கிளிநொச்சி வந்து மறுபடி காடு வெட்டினார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2009இல் மாத்தளனில் ஷெல் பட்டு அத்தான் போனார். "மாத்தளையில பொறந்த மனுசன் மாத்தளன்ல போயிட்டாரு" என்று அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வட்டுவாகல் பாலம் தாண்டிய அன்று, பதிவுக்கென்று வரிசையில் நின்ற கடைசி மகன் திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று.

பக்கத்து வீட்டாரோடு பேசும்போது அக்கா வன்னிப் பேச்சுப் பேசினார். என்னோடு பேசும்போது லயத்துப் பேச்சு வந்துவிடும். ஒரு மாலை கடைக்குப் போனோம். "ஆரது, உங்கட சொந்தமோ?" என்று அன்பாகக் கேட்ட பெண்மணி, நாங்கள் திரும்பியதும் இன்னொருவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: "அவை தோட்டக்காட்டுச் சனம்." நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் வாழ்ந்து, அந்த மண்ணுக்குக் கணவனையும் கொடுத்தவர் என் அக்கா. பந்தலூரில் என்னை 'சிலோன்காரி' என்பார்கள். அக்காவிடம் சொன்னேன். "ஒனக்கு ஒரு பேரு, எனக்கு ஒரு பேரு. அம்மா வச்ச பேர யாரு கூப்புடுறா?" என்றார். சகோதரிகளே, ஒரே முகாமில் ஒரே வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாமே இப்படி ஒருவரை ஒருவர் அழைக்கலாமா?

நாலாம் நாள் காலையில் கண்டி பஸ் ஏறினோம். அக்கா நாவுலயை விட்டு வந்தபின் ஒரு தடவைகூடப் போனதில்லை. முதலில் பயம், பிறகு யுத்தம், பிறகு மனம் இல்லை. முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கினோம். ஓமந்தை வந்ததும் அக்கா பேச்சை நிறுத்தினார். மதவாச்சியில் மறுபடி பேசத் தொடங்கினார். "இங்கதான் எறக்கி எறக்கி ஏத்துவாங்க" என்றார்.

மதவாச்சியில்தான் தலைமன்னார் வீதி வந்து ஏ-9இல் சேர்கிறது. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று நடந்தே வந்தவர்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கும் இல்லை, கல்லறையும் இல்லை. மலையக மக்கள் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியைத்தான் தொடர்ந்தது. நான் இதை அக்காவுக்குச் சொன்னேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அவங்க வயித்துக்காகத் தெக்க நடந்தாங்க. நாங்க உசிருக்காக வடக்க ஓடுனோம். ரோடு ஒண்ணுதான்" என்றார்.

நாவுலயில் இறங்கினோம். எனக்கு ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை. கடைகளும் வாகனங்களுமாக ஊர் வளர்ந்திருந்தது. அக்காதான் எலஹெர வீதி பிரியும் இடத்தைப் பார்த்து, "இந்தப் பக்கமா சந்தைக்கு வருவோம்" என்று வழி கண்டுபிடித்தார். முச்சக்கர வண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்று இப்போது ஒன்றும் இல்லை. காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு துண்டு துண்டாகி, பலபேர் கைக்குப் போய்விட்டது. எங்கள் லயத்தில் மிச்சம் நாலு காம்பரா. அதில் ஒன்றில் ஒரு தமிழ்ப் பாட்டி தன் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருந்தார். பிள்ளைகள் படிப்பது சிங்களப் பாடசாலையில். தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. எனக்குக் கவலையாக இருந்தது. அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். "பத்து நாளைக்கு வந்தவ பேசாம இரு" என்று அர்த்தம். அந்தப் பாட்டி எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். கூடவே கருப்பட்டித் துண்டு. அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குத் தெரியும்.

அம்மாவை அடக்கம் செய்த இடத்தைத் தேடினோம். இப்போது அது ஒரு சிங்களப் பெண்மணியின் மிளகுத் தோட்டம். அறுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கேற்றைத் திறந்துவிட்டார். எனக்குச் சின்ன வயதுச் சிங்களம் மறந்துபோயிருந்தது. அக்காதான் பேசினார்.

அங்கே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. பலாமரத்தடி என்றேன் நான். ஓடைக் கரை என்றார் அக்கா. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பலா இலை விழுந்து கெடந்துச்சு" என்றேன். "நீ சின்னப்புள்ள, ஒனக்கு என்ன தெரியும்? நான்தான் தண்ணி மொண்டு ஊத்துனேன்" என்றார். அறுபத்திரண்டும் எழுபதும் வயதான இரண்டு கிழவிகள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்று சிறுபிள்ளைகள்போல வாக்குவாதம் செய்தோம். அந்தப் பெண்மணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு இடத்திலும் ஏற்றுங்கள். அம்மாவுக்கு வெளிச்சம் கூடினால் என்ன குறை?" என்றார். அப்படியே செய்தோம். பலாமரத்தடியில் ஒரு சூடம், ஓடைக் கரையில் ஒரு சூடம்.

திரும்பும்போது அந்தப் பெண்மணி தன் கதையைச் சொன்னார். 1989இல் அவருடைய அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். திரும்பவில்லை. 2012 கடைசியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுடையவை. அவை எந்தக் காலத்தவை என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவருடைய தாயார் பஸ் ஏறிப் போய் அந்த வளவுக்கு வெளியே நின்றாராம். ஒன்றும் தெரியாமலே கண்ணை மூடினாராம். அக்கா தன் கைப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் நாலந்தா கெடிகேக்குப் போனோம். நாவுலயிலிருந்து மாத்தளைப் பக்கம் போகும்போது வீதியை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கற்கோயில். பௌத்தக் கோயில்தான், ஆனால் கட்டிய விதம் பல்லவர் கோயில்களைப்போல. நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீரில் மூழ்காதபடி, 1975இல் கல் கல்லாகப் பிரித்து எடுத்து, உயரமான இடத்தில் மறுபடி அடுக்கிக் கட்டினார்களாம். பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். "நம்மளப் பிரிச்ச அதே காலத்துல" என்றார் அக்கா. "கல்ல மட்டும் மறுபடி ஒண்ணாச் சேத்திருக்காங்க."

அன்று மாலை மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1983 வன்செயலில் சேதப்பட்டு மறுபடி நிமிர்ந்த கோயில். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். நாங்கள் போனபோது திருவிழா முடிந்திருந்தது. கொடி இறங்கிய கோயிலில் கூட்டமில்லாமல் ஆறுதலாகக் கும்பிட்டோம். இரவு மாத்தளையில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம்.

அந்த அறையில்தான் என் முடிவை அக்காவிடம் சொன்னேன். "என் மகன் வீடு கட்டியிருக்கான். ஒனக்குத் தனி ரூமு. இங்க ஒன் காணிக்குப் பத்திரமும் இல்ல, பாக்க ஆளும் இல்ல. எங்கூட வந்துரு. விசாவுக்கெல்லாம் அலைஞ்சு பாப்போம்" என்றேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"2010ல நான் எழுதுன கடுதாசி ஒனக்கு எப்புடிக் கெடச்சுச்சு?"

"பழைய விலாசத்துக்குத்தான் வந்துச்சு."

"நீ அந்த லயத்த விட்டுட்டுப் போயிருந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. 2010இல் மெனிக் பாமிலிருந்து வெளியே வந்த கையோடு, மனப்பாடமாக வைத்திருந்த ஒரே விலாசத்துக்கு அக்கா கடிதம் போட்டிருந்தார். நாங்கள் அந்தக் காம்பராவிலேயே இருந்தபடியால்தான் அது கையில் கிடைத்தது.

"என் புள்ளைக்குத் தெரிஞ்ச விலாசம் அந்தக் காணி ஒண்ணுதான்" என்றார் அக்கா. "அவன் இருக்கான்னும் யாரும் சொல்லல, இல்லன்னும் யாரும் சொல்லல. நம்ம அம்மாவுக்கு எடம் தெரியாம ரெண்டு சூடம் ஏத்துனோம். ஆனா செத்தது தெரியும். எம்புள்ளைக்கு நான் சூடம் ஏத்த மாட்டேன். விலாசத்தையும் மாத்த மாட்டேன்."

சகோதரிகளே, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி நான் பத்திரிகையில் படித்திருக்கிறேன். மழையிலும் வெயிலிலும் ஏன் இந்த வயதில் இப்படி இருக்கிறார்கள், வீட்டோடு இருந்து உடம்பைப் பார்க்கக் கூடாதா என்று தூரத்தில் இருந்துகொண்டு நினைத்ததும் உண்டு. அன்று இரவுதான் எனக்கு விளங்கியது. காத்திருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது அல்ல. காத்திருப்பதும் ஒரு வேலை. அதை யாராவது ஒருவர் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வருகிற எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கையில் தீர்வோடு வருவோம். "இதை விற்றுவிடு, அங்கே வந்துவிடு, மறந்துவிடு" என்போம். பத்து நாளில் முடிக்கப் பார்ப்போம். நாங்கள் போன பிறகும் அந்த வீட்டில் விடிய வேண்டும், அடுப்பு எரிய வேண்டும் என்பதை யோசிப்பதில்லை. இனி உறவுகளைப் பார்க்க வரும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாதி நாளாவது பேசாமல் இருந்து கேளுங்கள்.

ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் தாய் தந்தை பிறந்த ஊர், தோட்டம், இடம்பெயர்ந்த ஒவ்வோர் ஊரின் பெயர், வருடம், பழைய விலாசங்கள், உறவினர் போன இடங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். காணாமற்போன பிள்ளைக்காக எங்கெங்கே முறைப்பாடு கொடுத்தீர்கள், எந்தத் திகதி, என்ன இலக்கம் என்பதையும் எழுதுங்கள். முகாம் அட்டை, பிறப்பத்தாட்சி, முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். அம்மாவின் இடத்தைப் பற்றி யாராவது அன்றே நாலு வரி எழுதி வைத்திருந்தால், நாங்கள் மிளகுத் தோட்டத்தில் சண்டை பிடித்திருக்க மாட்டோம்.

அக்கா என்னைக் காங்கேசன்துறையில் கப்பலேற்றிவிட்டார். இந்தத் தடவை ஓடவில்லை. முழங்கால் வலி. நின்றபடியே கையை ஆட்டினார்.

பந்தலூர் திரும்பிய மறுநாள் ஒரு வேலை செய்தேன். என் கணவர் ஓய்வு பெற்றபோது அந்தப் பழைய லயத்துக் காம்பராவைக் காலி செய்துவிட்டோம். இப்போது அங்கே ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். அவர்களிடம் போய், மீதமிருந்த வர்க்கியைக் கொடுத்து, என் புது விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "எங்கப்பா பேருக்கோ எம்பேருக்கோ கடுதாசி வந்தா, யாராவது தேடிக்கிட்டு வந்தா, இதைக் குடும்மா" என்றேன். அந்தப் பெண் காரணம் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் சுவரில் அந்தத் தாளை ஒட்டி வைத்தாள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.